அரச வேலையில கீழ்மட்டத்தில இருக்கிற நாங்க உள்ளுக்க இருந்து ஏதாவது திருத்தலாமா?

படுவான்புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில படுவான்கரைப் பக்கம் ஒரு டிஎஸ் ஒபிஸ்ல (பிரதேச செயலகம்) டிஓவா (அபிவிருத்தி உத்தியோகத்தர்) இருக்கன். 2020ல பட்டதாரிகள எடுத்தப்ப பயிலுனரா உள்ள வந்தவள், பிறகு நிரந்தரமாக்கினாங்க, இந்த வருசம் காணிப் பகுதிக்கு மாத்தி விட்டிருக்காங்க. கன நாளா மனசில கிடக்கிற ஒரு விசயத்த இங்க கேப்பம் எண்டு வந்தன், அனுபவம் உள்ள ஆக்கள் கனபேர் இருக்கீங்க தானே.

எங்க போனாலும் ஒரே கதைதான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பேஸ்புக், எல்லா இடத்திலயும் அரசாங்க உத்தியோகத்தர் எண்டா நாட்டுக்குப் பாரம், சும்மா கதிரைய சூடாக்கிப்போட்டு சம்பளம் எடுக்கிற கூட்டம். 2022 பொருளாதாரப் பிரச்சினைக்குப் பிறகு இந்தக் கதை இன்னும் கூடிட்டு. 13 லட்சம் பேருக்கு மேல அரச சேவையில எண்டு சொல்லி சொல்லி ஏசுறாங்க. எனக்கு அத கேக்க கோவமும் வருது, அதே நேரம் ஒபிஸ்ல நடக்கிறத பாத்தா முழுசா மறுக்கவும் ஏலாம இருக்கு.

ஒண்டு சொல்றன். எல்லைக் கிராமத்தில இருந்து ஒரு வயசான ஐயா வாறாரு, பெஞ்சாதி செத்துட்டா, அவட பேர்ல இருந்த பேமிட்ட (அரச காணி அனுமதிப் பத்திரம்) மகளுக்கு மாத்தணும். ஒரு நாள் வந்தா மரண அத்தாட்சிப் பத்திரம் கேக்கிறாங்க, மறுகா வந்தா ஜிஎஸ்ட (கிராம சேவகர்) கடிதம், மறுகா வந்தா புள்ளைகள்ட பிறப்புப் பத்திரம், அதுக்குப் பிறகு மத்தப் புள்ளைகள்ட சம்மதக் கடிதம். கேக்கிற ஒவ்வொண்டும் சட்டப்படி தேவையானதுதான், யாரும் காசு கேக்கல்ல, யாரும் பொய் சொல்லல்ல. ஆனா முதல் நாளே எல்லாத்தையும் ஒரு துண்டில எழுதிக் குடுத்திருந்தா அந்த மனிசன் இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டாரு. அவர்ட ஊருக்கு பஸ் காலையிலயும் பின்னேரமும்தான், ஆனை இறங்கிற ரோட்டு, பொழுது படமுன்னம் வீட்ட போய்ச் சேரணும், அதனால எங்கட ஒபிசர் பீல்டால வருமட்டும் அவரால காத்திருக்கவும் ஏலா.

இத நான் கேட்டதுக்கு, அதெல்லாம் பிரஜைகள் சாசனத்தில போட்டிருக்கு எண்டாங்க. போய்ப் பாத்தன். சுவரில பெரிய போட்தான், ஆனா கீழ்ப் பாதிய அலுமாரி மறைச்சிட்டு, தெரியிற பாதியிலயும் பழைய கட்டணம், மாறிப் போன ஒபிசர்ட பேர். வந்த புதுசில எல்லாரும் இப்பிடித்தான் துள்ளுவாங்க, பிறகு அடங்கிருவாங்க எண்டு ஒரு சீனியர் அக்கா அன்பாத்தான் சொன்னா.

என்ட கேள்வி இதுதான். அரசாங்கத்த திருத்துறது எண்டா அது கொழும்பில மந்திரிமாரும் செயலாளர்மாரும் செய்யிற வேலையா, இல்லாட்டி எங்களப் போல மேசைக்குப் பின்னால இருக்கிறவங்களாலயும் ஏதும் ஏலுமா? செஞ்ச ஆக்கள் இருந்தா எப்பிடிச் செஞ்சீங்க எண்டு சொல்லுங்க. மேலதிகாரியோட பகைக்காம செய்யக் கூடிய வழியா இருந்தா நல்லம்.

---

கல்லடிப்பழசு:

மகள், நான் எழுதுவினைஞரா சேந்து சீசியா (தலைமை எழுதுவினைஞர்) ரிட்டயர் ஆனவன், கனகாலம் காணிக் கிளையிலதான் இருந்தன், அதனால உங்கட மேசை எனக்கு நல்லாத் தெரியும். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசிங்க.

முதல்ல அந்தப் பாரம் எண்ட கதை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்ப அடிச்சுப் போட்டப்ப, 2004 டிசம்பர் 26 கடல் வந்தப்ப, மற்ற நாள் விடிய கணக்கெடுத்தது யாரு, முகாம் திறந்தது யாரு, அரிசி பங்கிட்டது யாரு? ஜிஎஸ்மார், கச்சேரி (மாவட்டச் செயலகம்) கிளாக்மார், பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), மிட்வைஃப்மார். அதில கனபேர் தங்கட வீட்டிலயே ஆக்கள பறிகுடுத்தவங்க. நாவலடியில இருந்து ஒண்டும் இல்லாம வந்த ஆக்களுக்கு பேர் எழுதி, அடையாள அட்டைக்கு படிவம் நிரப்பிக் குடுத்த பொடியனுக்கும் அண்டைக்கு வீடில்ல. யுத்த காலத்தில ஆத்துக்கு அங்கால ஒரு நிர்வாகம், இங்கால ஒரு நிர்வாகம் எண்டு கிடந்தப்பவும் பள்ளிக்கூடம் நடந்தது, பென்சன் போனது, பங்கீடு போனது. ரெண்டு பக்கமும் சோதனைச் சாவடி தாண்டி லொறியோட போனது கிளாக்மாரும் ஜிஎஸ்மாரும்தான். அரசாங்கம் எண்டு ஒண்டு இருக்கு எண்டதே சனத்துக்கு அவங்களாலதான் தெரிஞ்சது. இத மறந்து போட்டு கதைக்கிறவங்களுக்கு நான் கோவப்படாமச் சொல்லுறன், அந்த வருசங்கள்ல நீங்க எடுத்த பிறப்புப் பத்திரத்தில யார்ட கையெழுத்து இருக்கு எண்டு பாருங்க.

சரி, உங்கட கேள்விக்கு வாறன். ஏலும். ஆனா பேசி ஏலா, எழுதி ஏலும்.

காணி விசயத்தையே எடுங்க. எங்கட பக்கத்தில வீடு வாசல் பொம்புளப் புள்ளைக்குத்தான் குடுக்கிறது, அது காலா காலமா இருக்கிற வழக்கம். ஆனா 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில பின்னுரித்து (தனக்குப் பிறகு யாருக்கு எண்டு) எழுதாம பேமிட்காரர் செத்தா ஆம்பிளைப் புள்ளைக்குத்தான் முன்னுரிமை எண்டு அட்டவணை போட்டிருந்தாங்க. சட்டம் ஒரு பக்கம் இழுக்கும், குடும்பம் ஒரு பக்கம் இழுக்கும், நடுவில கிளாக் இருக்கிறான். மகளுக்கு சீதனமா வீடு குடுத்து மருமகன் அதில கல்லு வீடும் கட்டின பிறகு, எங்கேயோ இருக்கிற மூத்த மகன் வந்து நிண்டு எனக்குத்தான் எண்டா என்ன செய்யிறது? இப்பிடி எத்தின குடும்பம் என்ட மேசைக்கு முன்னால நிண்டு அழுதிருக்கு. இத ஒவ்வொரு கோவையிலயும் நாங்க மினிட் (கோவைக் குறிப்பு) போட்டு மேல அனுப்பினம், காணி ஆணையாளர் கூட்டங்கள்ல எங்கட ஏடிஎஸ் (உதவிப் பிரதேச செயலாளர்) எடுத்துச் சொன்னாரு, மற்ற மாவட்டங்கள்ல பொம்புளைகள்ட அமைப்புகளும் கேட்டாங்க. 2022லதான் அந்த ஆம்பிள பொம்புள வித்தியாசத்த எடுத்துப் போட்டு சட்டத்த திருத்தினாங்க. பிந்தித்தான் வந்தது, நான் ரிட்டயர் ஆன பிறகு. ஆனா அந்தச் சட்டம் பிழை எண்டு முதல் முதல் தெரிஞ்சவன் அந்த மேசையில இருந்த கிளாக். மந்திரிக்கு அது தெரிய வழியே இல்ல, அவர் முன்னால யாரும் மகளையும் மருமகனையும் கூட்டிட்டு வந்து நிக்கிறதில்ல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. ஒரு சிஆர் கொப்பி எடுங்க. ஒவ்வொரு நாளும் வேலை முடியாம திரும்பிப் போற ஆக்கள்ட பேர் வேணாம், காரணத்த மட்டும் எழுதுங்க: என்ன கேட்டு வந்தாங்க, என்ன இல்லாம திரும்பினாங்க, எந்த ஒபிசர் இல்ல. ஒரு ரெண்டு மாசம் விடாம எழுதினா அதில ஒரு ஒழுங்கு தெரிய வரும், பெரும்பாலும் ஒரு நாலைஞ்சு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். அத ஒரு பக்கத்தில சுருக்கி, யார்ட பிழை எண்டு ஒரு வரியும் எழுதாம, உங்கட உத்தேசத் துண்டையும் சேத்து ஏஓ (நிர்வாக உத்தியோகத்தர்) ஊடாக டிஎஸ்க்கு (பிரதேச செயலாளர்) ஒரு மினிட்டா போடுங்க. வாயால சொன்னா அது குறை சொன்ன மாதிரிப் போயிரும். கோவையில ஏறினா அது ஆலோசனை, அதுக்கு ஆம் இல்ல எண்டு ஒரு பதில் எழுதித்தான் ஆகணும். உற்பத்தித்திறன் போட்டிக்கு உங்கட ஒபிசும் விண்ணப்பிக்கும் தானே, அந்த நேரம் பாத்துக் குடுத்தா இன்னும் நல்லம், அவங்களுக்கும் காட்ட ஒரு வேலை வேணும்.

---

தன்னாமுனை_கனடா:

ஐயா எழுதினத மதிக்கிறன். ஆனா மற்றப் பக்கத்தையும் யாரும் சொல்லத்தானே வேணும்.

அம்மா ஊர்ல தனிய இருக்கா. எங்கட காணி உறுதி விசயமா ஒரு ஒபிசுக்கு அலைஞ்ச அலைச்சல் கொஞ்ச நஞ்சமில்ல, அந்த ஒபிஸ்ட பேர் நான் சொல்லல்ல. கோவையக் காணல்ல எண்டாங்க, பிறகு கிடைச்சிட்டு எண்டாங்க, பிறகு அதுக்குப் பொறுப்பானவர் லீவு எண்டாங்க. வெளிய நிண்ட ஒரு ஆள் வந்து, நான் கெதியா எடுத்துத் தாறன் எண்டு காசு கேட்டிருக்கான். அந்த ஆளுக்கு உள்ளுக்க ஆள் இல்லாம அப்பிடிக் கேக்க ஏலுமா? 2025 வரவு செலவுத் திட்டத்தில ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்த 24,250 ரூபால இருந்து 40,000 ஆக்கினாங்க. கட்டம் கட்டமாத்தான் குடுக்கிறாங்க, சாமான் விலைக்கு அது பெரிய காசில்ல எண்டும் எனக்கு விளங்குது, குடுக்கட்டும். ஆனா அந்தக் காசு அம்மா தேங்காயெண்ணெய் வாங்கிறப்ப கட்டுற வரியிலயும்தான் வருது. அப்ப கேள்வி கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு.

எங்களுக்கு உதவினது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ம் ஆண்டு 12ம் இலக்கம். தம்பி ஒருத்தன் சொல்லி அம்மா ஒரு கடிதம் போட்டா, கோவை எங்க இருக்கு, என்ன நடவடிக்கை எடுத்திருக்கு, எடுக்கல்லயெண்டா ஏன் எண்டு. 14 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும் எண்டு சட்டத்தில இருக்கு, இல்லாட்டி மேன்முறையீடு, அதுக்கும் பதில் இல்லயெண்டா ஆணைக்குழு. கடிதம் போய்க் கொஞ்ச நாள்ல கோவை தானா மேசைக்கு வந்திட்டு. உள்ளுக்க இருந்து திருத்துறது நல்லம்தான் தங்கச்சி, ஆனா வெளிய இருந்து ஒருத்தன் கேக்கிறான் எண்ட பயம் இல்லாம உள்ளுக்க ஒண்டும் அசையாது எண்டதுதான் நான் கண்டது.

---

படுவான்புள்ள:

அண்ணா, உங்கட அம்மாக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. எங்கட ஒபிஸ்லயும் தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்காரு, கடிதம் வந்தா அண்டைக்கு முழு ஒபிசும் கோவை தேடும். உண்மையில அந்தத் தேடலோட கோவை அறையே ஒருக்கா ஒழுங்காகிட்டு, அதுக்குப் பிறகு எனக்கே வேலை லேசாப் போச்சு. அதனால நீங்க சொல்றத நான் எதிர்க்கல்ல. கேக்கிறவங்களும் வேணும், கேட்டா பதில் சொல்லக் கூடிய மாதிரி உள்ளுக்க வேலை செய்யிறவங்களும் வேணும்.

---

திருக்கோவில்_மிட்வைஃப்:

தங்கச்சி, நான் அம்பாறைக் கரையோரத்தில குடும்பநல உத்தியோகத்தரா இருக்கன், சனம் மிட்வைஃப் மிஸ் எண்டு கூப்பிடும். இரவு கிளினிக் கொப்பியெல்லாம் எழுதி முடிச்சிட்டுத்தான் இத எழுதுறன்.

இலங்கையில மலேரியா இல்ல எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பர்ல அறிவிச்சது. 1999ல மட்டும் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல கேஸ். உள்ளூர்ல தொத்தின கடைசிக் கேஸ் 2012 ஒக்டோபர். இடைப்பட்ட காலத்தில என்ன நடந்தது எண்டு நினைக்கிறீங்க? எங்கட பக்கம் அப்ப யுத்தம். அந்தக் காட்டோரக் கிராமங்களுக்கு சைக்கிள்ல போய் விரல்ல ரத்தம் எடுத்து கண்ணாடித் துண்டில பூசி, சுவருக்கு மருந்து அடிச்சு, நுளம்பு வலை குடுத்து, ஒவ்வொரு கேசுக்கும் பின்னால போய் யார் வீட்ட தங்கினான், எந்தக் குளத்தடியில படுத்தான் எண்டு விசாரிச்சது மலேரியாத் தடை இயக்கத்து கீழ்மட்ட உத்தியோகத்தர்மார். எங்கட மாமா ஒருத்தர் அதில இருந்தாரு. அவர் யாருக்கும் பெரிய மனிசன் இல்ல, ஊர்ல மருந்தடிக்கிற அண்ணன் எண்டுதான் பேர்.

அரசாங்கம் எப்பிடித் திருந்துது எண்டதுக்கு நான் கண்ட ஆக நல்ல உதாரணம் எங்கட தாய்மார் விசயம். புள்ளப் பேறோட ஒரு தாய் செத்தா அத அறிவிச்சே ஆகணும், அந்தச் சாவ விசாரிக்காம விட மாட்டாங்க. மிட்வைஃப், எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி), ஆஸ்பத்திரி டொக்டர்மார் எல்லாரும் ஒரு மேசையில இருந்து, அந்தத் தாய் எந்த மாசம் பதிஞ்சா, எத்தினாம் மாசம் கால் வீங்கினது, யார் பாத்தது, வாகனம் எப்ப வந்தது எண்டு ஒவ்வொண்டாப் பாக்கிறது. அங்க என்னட்டயும் கேப்பாங்க. பெரிய டொக்டர் இருக்கிற இடத்தில, அந்த வீட்டுப் படலைக்குள்ள போய் வந்தவள் நான்தான் எண்டு என்ட சொல்லுக்கு ஒரு இடம் இருக்கு. இண்டைக்கு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு கிட்டத்தட்ட முப்பது எண்ட அளவுக்கு நாட்டில தாய்ச் சாவு குறைஞ்சு கிடக்கு எண்டா அதுக்கு ஆஸ்பத்திரியும் மருந்தும் மட்டும் காரணமில்ல, எங்க பிழைச்சது எண்டு கீழ இருக்கிறவளக் கூப்பிட்டுக் கேக்கிற அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அந்தக் கேள்வி உங்கட காணிக் கந்தோர்லயும் கேக்கப்படணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ட சின்ன அனுபவம் ஒண்டு. எங்கட ஒரு கிளினிக் சந்தை நாள்ல இருந்தது. கர்ப்பிணித் தாய்மார் வாறதில்ல, நாங்க வீடு வீடாத் திரிஞ்சு ஏசிப் போட்டு வாறது. ஒரு புள்ள சொன்னா, மிஸ் அண்டைக்குத்தான் அவருக்கு கையில காசு வரும், நான் சந்தைக்குப் போகாட்டி கிழமைக்கு மரக்கறி இல்ல எண்டு. எச் 512 கார்டில (கர்ப்பிணித் தாய்மார்ட பதிவு அட்டை) வராத திகதியெல்லாம் எடுத்துக் காட்டி எம்ஓஎச் சேரிட்ட கேட்டன், நாள மாத்தித் தந்தாரு. காசு ஒண்டும் செலவாகல்ல. இப்ப வாங்கு காணாம தாய்மார் வெளிய மரத்தடியில இருக்காங்க, அடுத்த சண்டை வாங்குக்காக.

2022ல பெற்றோல் இல்லாம கிடந்தப்பவும் தடுப்பூசி நிக்கல்ல எண்டத மட்டும் சொல்லிப் போட்டு போறன்.

---

சம்மாந்துறை_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் அம்பாறை மாவட்டத்தில சமுர்த்தி (வறிய குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டம்), பிறகு நலன்புரிப் பக்கம் கன காலம் வேல செஞ்சிரிக்கன்.

கீழ இரிக்கிறவன்ட பேச்சக் கேக்காம ஒரு திட்டம் வந்தா என்ன நடக்கும் எண்டதுக்கு அஸ்வெசுமவ பாருங்க, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கிற திட்டம். 2023 ஜூலையில தொடங்கினாங்க. நோக்கம் நல்லம், அரசியல்வாதிட லிஸ்ட்ல குடுக்காம கணக்குப் பாத்துக் குடுக்கிறது. படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீடு, குடும்பம் எண்டு 22 குறிகாட்டி வெச்சு கம்பியூட்டர் புள்ளி போட்டுது. ஆனா எங்கட ஊர்ல சுனாமிக்குப் பிறகு என்ஜிஓ கட்டிக் குடுத்த கல்லு வீட்டுக்குள்ள ஒரு நேரச் சோத்துக்கு வழி இல்லாத விதவ இரிக்கா. வீட்டப் பாத்தா வசதி, சட்டியப் பாத்தா ஒண்டும் இல்ல. கரண்ட் பில்ல பாப்பாங்க, ஆனா அந்த ஒரு மீட்டர்ல மூணு குடும்பம் இரிக்கிறது படிவத்தில வராது. இது ஒவ்வொண்டும் எங்கட சமுர்த்தி உத்தியோகத்தர்மாருக்கும் ஜிஎஸ்மாருக்கும் வீட்டுக்கு வீடு தெரியும். லிஸ்ட் வந்ததும் மேன்முறையீடும் ஆட்சேபனையும் லட்சக் கணக்கில குவிஞ்சிட்டு, திருத்த வேல வருசக் கணக்கா இழுபட்டது. முன்னாடியே பத்து ஜிஎஸ்ஸ கூப்பிட்டு ஒரு நாள் இருத்திக் கேட்டிருந்தா அதில பாதிப் பிழை வராம இரிந்திரிக்கும் எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

மறுகா ஒண்டு, பாஷ. எங்கட மாவட்டத்தில தமிழ், முஸ்லிம், சிங்களம் மூணு சனமும் இரிக்கி. தமிழ் 1987ல 13ம் திருத்தத்தோட அரச கரும மொழி ஆனது, 2007ல ஒரு சுற்றறிக்கை போட்டாங்க, புதுசா வாற உத்தியோகத்தர் அஞ்சு வருசத்துக்குள்ள ரெண்டாவது மொழியும் பாஸ் பண்ணணும் எண்டு. பேப்பர்ல எல்லாம் இரிக்கி. ஆனா ஒரு தமிழ் அம்மாக்கோ முஸ்லிம் உம்மாக்கோ சிங்களத்தில மட்டும் கடிதம் வந்தா, அத வாசிக்க அவ கடைக்காரனத் தேடிப் போகணும். எங்கட பிரிவுக்கு ஒரு சிங்களத் தம்பி கிளாக்கா வந்தாரு, பாஸ் பண்ணணும் எண்டதுக்காக படிச்ச தமிழ விடாம பழகி, அடிக்கடி போற கடிதங்கள எல்லாம் ரெண்டு பாஷையிலயும் அடிச்சு கம்பியூட்டர்ல வெச்சாரு, பேரையும் திகதியையும் மட்டும் மாத்தினாப் போதும். யாரும் அவரச் செய்யச் சொல்லல்ல. அவர் இடமாற்றத்தில போயிட்டாரு, அந்தக் கடிதங்கள் இன்னும் ஓடுது.

ஆனா தங்கச்சி, ஒண்ட மறக்க வேணாம், இதெல்லாம் செய்யிறவனுக்கு முதுகில ஒரு பாதுகாப்பு வேணும். நேர்மையா ஒண்ட எழுதினதுக்காக ஒரே இரவில தூர இடத்துக்கு தூக்கின ஆக்கள எனக்குத் தெரியும். அரசாங்க சேவை ஆணைக்குழுவ சுயாதீனமாக்க எண்டு 2001ல 17ம் திருத்தம், 2010ல 18 வந்து அத உடச்சது, 2015ல 19 கட்டினது, 2020ல 20 மறுபடி உடச்சது, 2022ல 21 திரும்பக் கட்டினது. ஒவ்வொரு முறையும் பெரிய ஆக்கள் அதிகாரத்துக்குச் சண்ட பிடிக்க, கீழ ஒரு கிளாக் தன்ட மினிட்ட எழுதலாமா வேணாமா எண்டு யோசிக்கிறான். சனம் இத தன்ட பிரச்சின எண்டு நினைக்கிறல்ல. நினைக்கணும்.

---

உன்னிச்சை_வெள்ளாமை:

நான் உத்தியோகத்தன் இல்ல, விவசாயி. 2021ல ரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டினாங்களே, அப்ப எங்கட கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர் கண்டத்து வரம்பில நிண்டு சொன்னாரு, அண்ணன் இது ஒரு போகத்தில மாத்திற விசயம் இல்ல, மண் பழக வருசம் எடுக்கும், விளைச்சல் விழும், நான் மேலயும் சொல்லிட்டன் எண்டு. அவர் சொன்னபடியே நடந்தது, அந்தப் பெரும்போகம் கதிர் மஞ்சளாப் போய் பால் பிடிக்கல்ல. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, ஆனாலும் எங்கட வெள்ளாமை தப்பல்ல. அந்த மனிசன் சம்பளம் எடுத்தது பாரம் எண்டு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டன். அவர்ட சொல்ல மேல கேட்டிருந்தா அவர்ட சம்பளம் போல எத்தின மடங்கு மிஞ்சியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

தங்கச்சி அந்தத் துண்ட எழுதிக் குடுங்க. எழுத்துப் பெருசா இருக்கட்டும், எங்கட ஆக்களுக்கு கண் தெரியா.

---

தன்னாமுனை_கனடா:

எல்லாம் வாசிச்சன். மிட்வைஃப் அக்கா எழுதினத அம்மாக்கும் போன்ல வாசிச்சுக் காட்டினன்.

ஆனா ஒரு கேள்வி மிச்சம். அந்தச் சிங்களத் தம்பிக்கும், அவருக்குப் பக்கத்து மேசையில ஒண்டும் செய்யாம இருந்தவருக்கும் வருசம் முடிய ஒரே சம்பள ஏற்றம்தானே? நல்லாச் செய்யிறவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்லயெண்டா எவ்வளவு நாளைக்கு அவன் செய்வான்?

---

கல்லடிப்பழசு:

தம்பி, சரியான இடத்தில கை வச்சிருக்கீங்க. சம்பள ஏற்றப் படிவம் எண்டு ஒண்டு வரும், மேலதிகாரி திருப்திகரம் எண்டு எழுதிக் கையெழுத்து வைப்பாரு, அவ்வளவுதான். ஈபி பரீட்சையில (வினைத்திறன் காண் தடைப் பரீட்சை) தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் கேப்பாங்க, சனத்த எப்பிடி நடத்தினாய் எண்டு கேக்கிற ஒரு வினாவும் இல்ல. அத மாத்தத்தான் வேணும், அதுக்கு உங்களப் போல ஆக்கள் சும்மா ஏசாம இந்த மாதிரி குறிச்சுக் கேட்டா தொழிற்சங்கங்களும் வாய் திறக்க வேண்டி வரும். சங்கம் எண்டா சம்பளத்துக்கு மட்டும் எண்டு நினைக்கிற பழக்கத்த சங்கங்களும் விடணும். நான் சங்கத்தில இருந்தவன், அதனாலதான் சொல்லுறன்.

என்னை வேலையில நிக்க வச்சது பதவி உயர்வு இல்ல எண்டதும் உண்மை. பேமிட் கையில வாங்கின ஒரு அம்மா அத மடியில வச்சு தடவிக் கொண்டே பஸ்ஸுக்கு நிண்டத ஜன்னலால பாத்திருக்கன். ஆனா அத நம்பி ஒரு சேவைய நடத்த ஏலா, அதுக்கு ஒழுங்கு வேணும்.

---

படுவான்புள்ள:

எல்லாருக்கும் நன்றி. கொப்பி வாங்கிட்டன். எங்கட காணிப் பகுதிக்கு மட்டும் ஒரு துண்டு எழுதிப் பாத்தன், பேமிட் பேர் மாத்திறதுக்கு என்ன என்ன கொண்டு வரணும் எண்டு. சப்ஜெக்ட் கிளாக் அண்ணனிட்டக் காட்டினன், அவர் முதல் முகத்தச் சுளிச்சாரு, பிறகு தானே ரெண்டு விசயம் சேத்து விட்டாரு, பழைய பேமிட்ல நில அளவைத் துண்டு இல்லாட்டி என்ன செய்யிறது எண்டதும் அதில ஒண்டு, எனக்கு அது தெரியவே தெரியா. அடுத்த கிழமை ஏஓ மிஸ்ஸிட்ட மினிட்டோட குடுக்கப் போறன். உன்னிச்சை அண்ணன் சொன்ன மாதிரி எழுத்தப் பெருசாக்கிட்டன், அதனால ஒரு பக்கத்தில அடங்கல்ல, ரெண்டு பக்கமாப் போயிட்டு. அலுமாரிய நகத்த பியோன் அண்ணன் ஓம் எண்டுட்டாரு.

ஐயா, துண்டில வேற ஏதும் விட்டுப் போச்சா?

---

கல்லடிப்பழசு:

காணி உத்தியோகத்தர் எந்த நாள் ஒபிஸ்ல, எந்த நாள் பீல்டில எண்டத மேலயே போடுங்க மகள், அதுதான் கனபேர் திரும்பிப் போற காரணம். திங்கக் கிழமை எண்டு மட்டும் எழுதி விட வேணாம், திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தா அடுத்து எந்த நாள் எண்டும் எழுதுங்க. ஒபிஸ் லேண்ட் போன் நம்பரும் வேணும், எல்லைக் கிராமத்து ஆக்கள் பஸ் ஏறமுன்னம் ஒருக்கா அடிச்சுக் கேக்கட்டும். அந்தப் போன எடுக்கிறது யாரு எண்டத ஏஓ மிஸ்ஸிட்டச் சொல்லி எழுத்தில போட வைங்க, இல்லாட்டி மணி அடிச்சுக் கொண்டே கிடக்கும்.